‘சன் ஆஃப் ரோஸ்மேரி’: முப்பது வருடம் கழித்து வந்த ஏமாற்றம் (ஸ்பாய்லர் உண்டு)

#1 பழையபக்கம்

இரண்டு நாவல்களின் முடிவையும் உடைத்துப் பேசப் போகிறேன். ‘ரோஸ்மேரிஸ் பேபி’ படிக்காதவர்கள் தயவுசெய்து இந்த இழையை இத்தோடு மூடிவிட்டு, அதைப் படித்துவிட்டு வாருங்கள். சின்ன நாவல்தான். பேய்க்கதை படிக்கிற ஒவ்வொருவருக்கும் அது ஒருமுறைதான் முதல்முறையாகக் கிடைக்கும், அதை நான் கெடுக்க விரும்பவில்லை.

ஐரா லெவின் அதை வெளியிட்டது 1967-ல். மறுவருடமே ரோமன் போலன்ஸ்கி படமாக எடுத்தார். தொடர்ச்சியான ‘சன் ஆஃப் ரோஸ்மேரி’ வந்தது 1997-ல். லெவினின் கடைசி நாவலும் அதுதான். 2007-ல் அவர் இறந்துபோனார். என் மனதுக்கு மிகவும் பிடித்த எழுத்தாளர் என்பதால்தான் இவ்வளவு ஆதங்கம்.

தொடர்ச்சியைத் திட்டுகிறவர்கள் எல்லோரும் கடைசிப் பக்கங்களைத்தான் திட்டுகிறார்கள். நடந்தது எல்லாமே கனவு, ரோஸ்மேரி 1965-ல் புருஷன் பக்கத்தில் கண் விழிக்கிறாள் என்று இரண்டு நாவல்களையும் சேர்த்து அழித்துவிடுகிற முடிவு. அது மோசம்தான். ஆனால் நாவல் கெட்டுப்போனது அங்கே இல்லை, முதல் அத்தியாயத்திலேயே கெட்டுவிட்டது என்பது என் கட்சி.

முதல் நாவல் எங்கே முடிகிறது என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சூனியக் கூட்டத்தோடு புருஷனே சேர்ந்துகொண்டு, ரோஸ்மேரியைச் சாத்தானின் பிள்ளைக்குத் தாயாக்கிவிட்டான். கையில் கத்தி. அலமாரிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் நுழைகிறாள். கறுப்புத் தொட்டில். குழந்தையின் கண்களைப் பார்க்கிறாள். ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்துவிட்டுத் தானும் குதித்துவிடலாமா என்று ஒரு கணம் ஓடுகிறது. அப்புறம் அந்தக் கூட்டத்துக் கிழவி ஒருத்தி தொட்டிலை வேகமாக ஆட்டுவதைப் பார்த்து, இவ்வளவு வேகமாக ஆட்டாதீர்கள் என்கிறாள். அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இவன் பாதி என் பிள்ளையும்தானே, நான் நல்லபடியாக வளர்த்தால் அவனிடம் என் பக்கம் ஜெயிக்காதா என்று யோசிக்க ஆரம்பிக்கிறாள். அவர்கள் வைத்த பேர் ஏட்ரியன். அவள் ‘ஆண்ட்ரூ’ என்கிறாள், அடம்பிடித்து நிற்கிறாள்.

வாசகனை இப்படி ஒரு இடத்தில் விட்டுவிட்டுப் போனால், அடுத்து அவன் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வளர்த்தாளா? எப்படி வளர்த்தாள்? பால் கொடுத்து, காய்ச்சலுக்கு ராத்திரி முழுக்க விழித்து, பொய் சொன்னால் கண்டித்து, அதே நேரம் இவன் யார் என்று தெரிந்தே வளர்த்த தாயின் கதை. அதை எழுத லெவினைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

அவரோ பையன் சிறுவனாக இருக்கும்போதே அவளைக் கோமாவில் போட்டுவிடுகிறார். 27 வருடம். சூனியக் கூட்டத்தின் கடைசி ஆள் விபத்தில் செத்ததும் கட்டு அவிழ்ந்து, 1999-ல் கண் விழிக்கிறாள். மகனுக்கு 33 வயது, உலகமே கொண்டாடும் தலைவன். நாம் எதற்காகப் புத்தகத்தைத் திறந்தோமோ, அந்த வருடங்கள் முழுவதையும் அவள் தூங்கிக் கழித்துவிட்டாள்.

நீங்கள் படித்தபோது எங்கே விட்டுப்போனது, சொல்லுங்கள்.

#2 கதைப்பித்தன்

//நாவல் கெட்டுப்போனது அங்கே இல்லை//

இதுல எனக்கு உடன்பாடு இல்லைங்க. கோமாவைக்கூட நான் மன்னிச்சிடுவேன். முப்பது வருஷம் இடைவெளி, கதையை இந்தக் காலத்துக்குக் கொண்டு வரணும், ஏதோ ஒரு உபாயம் வேணும். சரி.

ஆனா கனவுன்னு சொல்றது துரோகம். அந்தப் பொண்ணு பட்ட பாடு எல்லாம் நிஜம்னு நம்பித்தானே நாம கூடவே போனோம்? அவளை ஒருத்தரும் நம்பலை. புருஷன் நம்பலை, டாக்டர் நம்பலை. நம்பினது வாசகன் ஒருத்தன்தான். கடைசியில எழுத்தாளரே வந்து, ‘எல்லாம் உன் கற்பனைம்மா’ன்னு சொல்றார். புருஷன் கை உட்ஹவுஸும் டாக்டர் சேபர்ஸ்டீனும் முதல் புத்தகம் பூரா அவகிட்ட சொன்ன அதே வசனம்! அதை நினைச்சாத்தான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

#3 பழையபக்கம்

கதைப்பித்தன், இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. முதலில் பார்த்த டாக்டர் ஹில்லிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டுவாளே, அவர் பொறுமையாகக் கேட்டு, நம்பியதுபோல் காட்டி, கொஞ்சம் படுத்து ஓய்வெடுங்கள் என்று உள்ளே அனுப்பிவிட்டு, சேபர்ஸ்டீனுக்கும் புருஷனுக்கும் போன் போட்டுச் சொல்லிவிடுவார். கதவு திறக்கும்போது நிற்பது அவர்கள் இருவரும். நாவலிலேயே எனக்கு மிகவும் பயமாக இருந்த இடம் அதுதான், சாத்தான் வருகிற இடம்கூட இல்லை. தொடர்ச்சியின் முடிவில் லெவின் நம்மை நிறுத்துவது அந்த டாக்டர் ஹில்லின் அறையில்தான் என்கிறீர்கள். சரியாகத்தான் படுகிறது.

#4 மூன்றாம்_ஜாமம்

நான் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறேன். தொடர்ச்சியில் விட்டுப்போனது *சின்னச் சாமான்கள்*.

முதல் நாவலைத் திரும்பப் படிக்கிறவர்கள் கவனித்துப் பாருங்கள், திகில் முழுக்கச் சாமான்களில்தான் இருக்கிறது. முன்னால் குடியிருந்த கிழவி எதற்காக அந்தக் கனமான மேசையை இழுத்து அலமாரிக் கதவை அடைத்தாள்? கழுத்தில் போடக் கொடுத்த வேர் ஏன் அப்படி நாறுகிறது? ரோஸ்மேரியின் நண்பர் ஹட்ச் வந்துவிட்டுப் போகும்போது ஒற்றைக் கையுறை காணாமல் போகிறது, அப்புறம் அவர் நினைவிழந்து விழுகிறார். டொனால்ட் பாம்கார்ட் என்ற நடிகனிடமிருந்து புருஷன் டை மாற்றிக்கொண்டான், அவனுக்குக் கண் போனது, இவனுக்கு நாடகத்தில் அவனுடைய வேஷம் கிடைத்தது. இதெல்லாம் நடக்கும்போது ஒரு வரியில் கடந்து போய்விடுகிறது. நூறு பக்கம் கழித்துத்தான் முதுகில் சில்லிடுகிறது.

அந்தச் சாக்லேட் மூஸ் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு மின்னி கொடுத்தனுப்பியது. அடியில் சுண்ணாம்புபோல ஒரு ருசி இருக்கிறது என்கிறாள் ரோஸ்மேரி. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, பாவம் அந்தக் கிழவி மெனக்கெட்டுச் செய்து அனுப்பியிருக்கிறாள், சாப்பிடு என்கிறான் புருஷன். சின்னச் சண்டை. எந்த வீட்டிலும் நடக்கிற சண்டை. கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, மீதியை அவன் பார்க்காதபோது துடைக்கும் துணிக்குள் தள்ளிவிடுகிறாள். முழுதும் சாப்பிடாததால்தான் அன்றிரவு அவளுக்கு அரைகுறை நினைவு இருக்கிறது. காலையில் உடம்பெல்லாம் நகக்கீறல். நான்தான், நகத்தையெல்லாம் வெட்டித் தேய்த்துவிட்டேன் என்று புருஷன் சாதாரணமாகச் சொல்கிறான். மயங்கிக் கிடந்த மனைவியிடம் நடந்துகொண்டதை ஒருத்தன் இவ்வளவு இயல்பாகச் சொல்ல முடிகிறது என்பதே போதும். சாத்தானே இல்லாவிட்டாலும் அது திகில் நாவல்தான்.

காலத்தையும் அவர் இதே மாதிரிதான் கட்டுகிறார். அந்த ராத்திரி, போப் ஆறாம் பால் நியூயார்க் வந்திருந்த ராத்திரி, 1965 அக்டோபர் 4. டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில் அவள் கையில் எடுக்கிற பத்திரிகை, ‘கடவுள் இறந்துவிட்டாரா?’ என்று அட்டையில் கேட்ட 1966 ஏப்ரல் ‘டைம்’ இதழ். இரண்டும் நிஜம். நிஜமான செய்தித்தாளுக்கு நடுவில் பொய்யை வைத்ததால்தான் பொய்யும் நிஜமாகிவிட்டது.

இனி தொடர்ச்சிக்கு வாருங்கள். 2000 பிறக்கிற நேரத்தில் உலகத்து மக்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறார்கள், மெழுகுவர்த்திக்குள் விஷம். மனித இனமே அழியப் போகிறது. எனக்கு ஒரு துளி பயம் வரவில்லை. ஒரு பெண்ணின் கழுத்தில் தொங்கிய வேர் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஐந்நூறு, அறுநூறு கோடிப் பேரின் சாவு என்னை அசைக்கவில்லை. அளவு பெரிதாகப் பெரிதாகப் பயம் கரைந்துபோகிறது.

#5 நிழல்வாசகி

+1. மூஸ் காட்சியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. பெண்கள் இந்த நாவலை வேறு மாதிரிப் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். கர்ப்பகாலத்தில் வலி தாங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பாள், இரண்டு நாளில் போய்விடும் என்றே டாக்டர் சொல்லிக்கொண்டிருப்பார். மாதக்கணக்கில் போகும். தோழிகள் விருந்துக்கு வரும்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர்களிடம் அழுவாளே, அங்கே நானும் அழுதேன்.

#6 தாழம்பூ

எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதால் தொடர்ச்சிக்காகக் கொஞ்சம் பேசிவிட்டுப் போகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. முதல் நாவலுக்கு ஈடு என்று சொல்லவில்லை.

லெவின் அதே புத்தகத்தைத் திரும்ப எழுதவில்லை என்பதற்காகவே அவரை மதிக்கிறேன். இன்னொரு அடுக்குமாடி, இன்னொரு கர்ப்பிணி, இன்னொரு பக்கத்து வீட்டுக் கிழவி என்று எழுதியிருந்தால் விற்றிருக்கும். அவர் எழுதியது, அன்பு, சமாதானம், ஒற்றுமை என்று பேசுகிற ஒரு இளைஞனை உலகமே நெஞ்சில் பேட்ஜ் குத்திக்கொண்டு நம்புகிற கதையை. அவன் நல்லவனா என்று தாய்க்கே உறுதியாகத் தெரியவில்லை. பாதிப் புத்தகம் வரைக்கும் எனக்கும் தெரியவில்லை. அவன் சிரிப்பதைப் பார்த்து அவள் பூரித்துப்போகிற இடங்களில், வேண்டாம், நம்பாதே என்று சொல்லத் தோன்றியது. முதல் நாவலில் எல்லோரும் கூடி அவளை ஏமாற்றினார்கள். இதில் தன் பாசத்தாலேயே ஏமாறுகிறாள். இது புதிதுதானே?

கோமாவைப் பற்றி: வளர்க்க முடியாமல் போன தாயின் குற்ற உணர்வுதான் இந்தப் புத்தகமே என்று நான் படித்தேன். நான் இருந்திருந்தால் இவன் வேறு மாதிரி ஆகியிருப்பானோ என்ற கேள்வி அவளை விடாது. பழையபக்கம் கேட்கிற கதையை அவர் வேண்டுமென்றேதான் தவிர்த்திருக்கிறார்.

#7 பழையபக்கம்

//நான் இருந்திருந்தால் இவன் வேறு மாதிரி ஆகியிருப்பானோ//

தாழம்பூ, நீங்கள் சொல்கிற நாவல் புத்தகத்தில் இருந்திருந்தால் இந்த இழையே ஆரம்பித்திருக்க மாட்டேன். உண்மையாகச் சொல்கிறேன். அந்தக் கேள்வி ஓரிரு இடங்களில் எட்டிப் பார்க்கிறது, உடனே கதை வேறு வேலையாக ஓடிவிடுகிறது. தொலைக்காட்சிப் பேட்டி, கூட்டம், வரவேற்பு. கால் நூற்றாண்டு தூங்கி எழுந்தவள் எவ்வளவு சீக்கிரம் நடமாடத் தொடங்கிவிடுகிறாள்! போகும்போது முப்பதுகளில் இருந்தவள், கண்ணாடியில் தன்னை ஒரு வயதானவளாகப் பார்க்கிறாள். இழந்த வருடங்களுக்காக உட்கார்ந்து அழக்கூட லெவின் அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை.

முதல் நாவலில் அவர் அவசரப்படவே இல்லை. வீடு பார்க்கப் போவது, சுவருக்கு வெள்ளையடிப்பது, திரைச்சீலை தேர்ந்தெடுப்பது என்று எத்தனை பக்கம்! வேறு எழுத்தாளர் என்றால் வெட்டியிருப்பார். அந்தப் பக்கங்களில்தான் நாம் அவளோடு அந்த வீட்டில் குடியேறினோம். தொடர்ச்சியில் நாம் எங்கேயும் குடியேறவில்லை.

#8 கதைப்பித்தன்

முதல் நாவல்ல ஸ்கிராபிள் எழுத்துகளை வெச்சுப் பேரைக் கலைச்சு அடுக்குவாளே, அதை யாரும் சொல்லலையே! ஹட்ச் சாகும்போது, ஒரு சூனியப் புத்தகத்தோட சொல்லி அனுப்பின துப்பு. முதல்ல புத்தகத்தோட தலைப்புதான்னு நினைச்சு அதை மாத்தி மாத்தி அடுக்குவா, உருப்படியா ஒண்ணும் வராது. அப்புறம் அந்தப் புத்தகத்துல வர்ற ஸ்டீவன் மார்கேட்டோங்கிற பேரை எடுத்து அடுக்கினா, பக்கத்து வீட்டு ரோமன் காஸ்டவெட் வந்து நிப்பார். அவ கைவிரல் நகர நகர நம்ம மூச்சு நிக்கும்.

தொடர்ச்சியிலயும் ஒரு எழுத்துப் புதிர் வருது. ‘ரோஸ்ட் மியூல்ஸ்’. அதை அடுக்கினா ஒரு சாதாரண வார்த்தை வருமாம். விடையைப் புத்தகத்துல சொல்லாமலே விட்டுட்டார். விடையால கதையில ஒண்ணும் மாறப்போறதும் இல்லை. முதல் புதிர் ஒரு உயிரைக் காப்பாத்த ஒரு மனுஷன் கடைசியா விட்டுட்டுப் போனது. ரெண்டாவது வெறும் பொழுதுபோக்கு. ரெண்டு புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுலயே தெரிஞ்சுடுதுங்க.

#9 நிழல்வாசகி

வளர்ப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஸ்டீபன் கிங்கின் ‘டாக்டர் ஸ்லீப்’பையும் இங்கே கொண்டுவரலாமா? ‘தி ஷைனிங்’ 1977, இது 2013. இதற்கும் முப்பத்தாறு வருட இடைவெளி. இதையும் ஏமாற்றம் என்று சொல்கிறவர்கள் நிறைய. ஆனால் பழையபக்கம் கேட்டதை கிங் செய்திருக்கிறார்: முதல் நாவலில் உயிர் பிழைத்த பிள்ளை என்ன ஆனான் என்ற கேள்விக்கு நேராகப் போகிறார். அப்பாவின் குடியால் கை உடைந்த பையன், வளர்ந்து அவனே குடிகாரன்.

தொடக்கத்தில் ஒரு காட்சி. அந்தப் பையன் டான், முந்தின நாள் சந்தித்த ஒரு பெண்ணின் வீட்டில் போதை தெளிந்து எழுகிறான். அவளுடைய குட்டிப் பையன், நனைந்த டயப்பரோடு தத்தித் தத்தி வந்து மேசையில் கிடக்கிற கொக்கெய்னை மிட்டாய் என்று நினைத்துக் கை நீட்டுகிறான். டான் அதை எட்டாத இடத்தில் வைக்கிறான், அவள் பர்ஸிலிருந்து காசை எடுத்துக்கொள்கிறான், போய்விடுகிறான். அவ்வளவுதான். அந்தக் குழந்தையின் முகம் நாவல் முழுக்க அவனைத் துரத்துகிறது. ‘தி ஷைனிங்’ நடக்கிற ஓவர்லுக் ஹோட்டலின் எந்த ஆவியும் என்னை இவ்வளவு கலக்கவில்லை.

#10 மூன்றாம்_ஜாமம்

அந்தக் காட்சிக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த நாவலின் வில்லன் கூட்டம்? குழந்தைகளைச் சித்திரவதை செய்து அவர்களின் சக்தியை உறிஞ்சி வாழ்கிறவர்கள், அறிமுகமாகும்போது நடுங்க வைக்கிறார்கள். அப்புறம் அவர்களுக்குத் தட்டம்மை வந்து ஒவ்வொருவராகச் சுருண்டு விழுகிறார்கள். கடைசி மோதலில் நல்லவர்கள் பக்கம் ஆபத்தே இல்லை. ‘தி ஷைனிங்’கில் பாய்லர் வெடித்து ஹோட்டல் எரியும்போது, அதற்குள் ஒரு அப்பா இருந்தார். இந்த மோதலில் அப்படி இழக்க எதுவுமே இல்லை.

#11 நிழல்வாசகி

வில்லன்களை நான் விட்டுக்கொடுத்துவிடுகிறேன் 🙂 எனக்கு அது ஒருவன் குடியை விட்ட கதை. சாகக் கிடக்கிறவர்களின் பக்கத்தில் ராத்திரி உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிற வேலைக்கு அவன் வந்து சேர்வது, வளர்ந்த பிள்ளை முதல் நாவலுக்குக் கொடுக்கிற பதில். ரோஸ்மேரிக்கும் மகன் ஆண்டிக்கும் (ஆண்ட்ரூ) இப்படி ஒரு பதில் கிடைக்கவில்லை என்பதுதானே நம் எல்லோருடைய குறையும்?

#12 தாழம்பூ

அப்படிப் பார்த்தால் ஒப்புக்கொள்கிறேன், ஆண்டிக்கு ஒரு உள்மனசு கொடுத்திருக்கலாம். அவன் தலைக்குள் நாம் போகவே இல்லை. தாயின் கண் வழியாக மட்டும் பார்த்ததால் அவன் போஸ்டரில் இருக்கிற முகமாகவே நின்றுவிட்டான்.

கனவு முடிவை மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1965-க்குத் திரும்பினால் அவள் இன்னும் அந்த வீட்டுக்குக் குடிபோகவில்லை. முதல் தடவை அவளுக்கு எந்த எச்சரிக்கையும் இல்லை. இப்போது இருக்கிறது. லெவின் அவளுக்குக் கொடுத்த ஒரே பரிசு அது என்று எனக்குப் படுகிறது. தப்பாகவும் இருக்கலாம், ஆனால் அப்படிப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

#13 கதைப்பித்தன்

நிம்மதி கிடைச்சா சந்தோஷம்தாங்க, அதுல சண்டை போட ஒண்ணும் இல்லை. எனக்கு அந்தத் தொட்டில் பக்கத்துல நின்னு அவ எடுத்த முடிவுதான் பெருசு. அதை நடக்கவே இல்லைன்னு சொல்ல அவருக்கு உரிமை இருக்கலாம், என்னால ஏத்துக்க முடியலை.

#14 புதுவரவு

வணக்கம். படம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், எச்சரிக்கையை மீறி எல்லாவற்றையும் படித்துவிட்டேன். இனி நாவல் படித்தால் சுவாரஸ்யம் இருக்குமா? 2024-ல் ‘அபார்ட்மென்ட் 7ஏ’ என்று ஒரு படம் வந்ததே, அது எந்த வரிசையில் வரும்? முன்பே ஏதோ தொலைக்காட்சித் தொடர்ச்சியும் உண்டு என்று கேள்வி.

#15 பழையபக்கம்

வாருங்கள். தாராளமாகப் படியுங்கள். போலன்ஸ்கி நாவலை வரிக்கு வரி பின்பற்றியவர், அப்படியிருந்தும் புத்தகத்தில் வேறு ஒன்று கிடைக்கும்: ரோஸ்மேரி ஒவ்வொரு சந்தேகத்தையும் தனக்குத் தானே சமாதானம் சொல்லி அமுக்குகிற சத்தம். முடிவு தெரிந்து படித்தால் அது இன்னும் நன்றாகக் கேட்கும்.

‘அபார்ட்மென்ட் 7ஏ’ முதல் கதைக்கு முன்னால் நடப்பது, காஸ்டவெட் வீட்டிலிருந்து விழுந்து சாகிற டெர்ரி என்ற பெண்ணின் கதை. தொலைக்காட்சிப் படம் 1976-ல் வந்தது, லெவின் எழுதியதல்ல. முதல் படத்தில் மின்னியாக நடித்து ஆஸ்கர் வாங்கிய ரூத் கார்டன் அதிலும் மின்னியாக வருவார். இரண்டும் இல்லாமலே நாவல் முழுசாக நிற்கும்.

‘சன் ஆஃப் ரோஸ்மேரி’யை உடனே எடுக்க வேண்டாம். முதல் நாவலை முடித்துவிட்டு, ஆண்ட்ரூவை அவள் எப்படி வளர்த்திருப்பாள் என்று கொஞ்ச நாள் நீங்களே யோசித்துப் பாருங்கள். அதன் பிறகும் ஆசை இருந்தால் படித்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள். தாழம்பூவுக்கும் ஒரு துணை வேண்டுமே.

#16 தாழம்பூ

கண்டிப்பாக வாருங்கள், காத்திருக்கிறேன். கோமா அத்தியாயத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், அதுதான் வேண்டுகோள்.